எரிக்கக் கொடுக்காத ஓலை

பெரியம்மாவின் செபப்புத்தகத்துக்குள் ஓர் ஓலைச் சிலுவை இருக்கிறது. சுண்டுவிரல் நீளம். ஒருகாலத்தில் வெளிர்மஞ்சளாக இருந்திருக்கும். இப்போது தேயிலைச் சாயத்தின் நிறம். நடுவில் உள்ள சதுர முடிச்சு மட்டும் இன்னும் இறுகிப்போய் இருக்கிறது. நான்கு முனைகளும் உடைந்து நார்நாராகக் கிளம்புகின்றன. அது கிடக்கும் இரண்டு பக்கங்களிலும் அதே அளவில் பழுப்புத் தடம் ஊறியிருக்கிறது. ஓலையை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் சிலுவை தெரியும்.

ஒவ்வொரு வருடமும் விபூதிப் புதனுக்கு முந்திய ஞாயிறு கோயில் வாசலில் ஒரு காட்போட் பெட்டி வைப்பார்கள். போன வருடக் குருத்தோலையைக் கொண்டுவந்து அதற்குள் போட வேண்டும். அதை எரித்த சாம்பலைத்தான் புதன்கிழமை பாதர் நெற்றியில் பூசுவார். பெரியம்மா இதில் தவறுகிறவர் அல்ல. நிலைக்கு மேல் செருகியிருந்தது, திருஇருதயப் படத்துக்குப் பின்னால் இருந்தது, பேரப்பிள்ளை சைக்கிள் ஹாண்டிலில் கட்டியது எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார். புத்தகத்துக்குள் இருப்பதை மட்டும் தொடமாட்டார். அது 2009 ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறன்று, வலைஞர்மடத்தில் மந்திரித்த ஓலை. முறைப்படி பார்த்தால் 2010 பெப்ரவரி 17இல் சாம்பலாகியிருக்க வேண்டும்.

அந்தக் குருத்தை வெட்டியவன் அவருடைய கடைசி மகன். எனக்குத் தம்பி முறை. அப்போது 17 வயது.

அவர்கள் உருத்திரபுரத்துக்காரர். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்த குடும்பம். 2008 கடைசியில் போர் நெருங்கி வர வீட்டைவிட்டு வெளிக்கிட்டவர்கள், பரந்தன்–முல்லைத்தீவு வீதி நெடுக, தருமபுரம், விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை என்று ஒவ்வோர் இடத்திலும் தறப்பாள் கட்டி, பங்கர் வெட்டி, அவிழ்த்து, கடைசியில் வலைஞர்மடத்துக் கடற்கரை மணலுக்கு வந்து சேர்ந்தார்கள். முந்திய வருடத்து ஓலை வீட்டு நிலையில் செருகியபடியே விடுபட்டுப்போனது. 2009 பெப்ரவரி 25இல் விபூதிப் புதன் வந்தபோது அங்கிருந்த சனத்தில் எத்தனை பேரிடம் எரிக்க ஓலை இருந்திருக்கும்? பெரியம்மாவிடம் கேட்டேன். "பாதர் என்னத்தை எரிச்சவரோ தெரியாது மோனை. சாம்பலுக்கோ அப்ப பஞ்சம்?" என்றார்.

ஏப்ரல் வந்தபோது அந்தக் கடற்கரையில் தென்னைகள் பாதி தலை அறுந்து நின்றன. ஆகவே பனை வடலி. விசிறியை மடித்து உறையில் போட்டதுபோல நடுவில் நின்ற ஒரு குருத்தை அவன் வெட்டிக்கொண்டு வந்தான். ஒரு குருத்தைப் பிரித்தால் ஐம்பது நறுக்குக்குக் குறையாது. சுற்றிவர இருந்த தறப்பாள்களுக்கெல்லாம் பங்கிட்டான். பக்கத்துப் பங்கர்ச் சைவக்காரப் பிள்ளைகளும் ஓடிவந்து வாங்கினார்கள். அவர்களுக்கு வேண்டியது காற்றாடி.

சிலுவை மடிக்கத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நறுக்கை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஈர்க்கை நகத்தால் கிளப்பி உரித்தெறிய வேண்டும். ஈர்க்கு இருந்தால் மடிப்பு வெடிக்கும். நடுவில் செங்கோணமாக மடித்து, ஒரு காலை மற்றதன் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, நான்காம் சுற்றில் நுனியைப் பின்பக்க மடிப்புக்குள் செருகி இழுத்தால் சதுரமாக ஒரு முடிச்சு விழும். ஓலை பச்சையாக இருக்கும்போதே இழுத்துவிட வேண்டும். காயக் காய முடிச்சு தானாகவே இறுகும். பிறகு அவிழ்க்க ஏலாது, அறுக்கத்தான் ஏலும். பெரியம்மாவிடம் இருப்பது அவன் மடித்தது. இடது கைக்காரன். முடிச்சு வழக்கத்துக்கு மாறான பக்கம் சுற்றியிருக்கிறது.

ஓலைக்கு இவர்களுக்கு முன்னும் நீண்ட பயணம் உண்டு. இயேசு எருசலேமுக்குள் வந்தபோது சனம் ஓலை பிடித்தது என்று சொல்கிறவர், சுவிசேஷம் எழுதிய நால்வரில் அருளப்பர் ஒருவர்தான். மத்தேயுவும் மாற்குவும் வெறுமனே மரக்கிளை, இலைதழை என்கிறார்கள். லூக்கா உடுப்பை விரித்ததோடு நிறுத்திவிடுகிறார். அருளப்பர் சொன்னது பேரீச்ச ஓலை. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண், ஒலிவ மலையிலிருந்து பிள்ளைகளும் பெரியவர்களும் கிளை பிடித்து இறங்கிவந்த ஊர்வலத்தைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார். பேரீச்சை இல்லாத ஊர்களில் கையில் கிடைத்தது போதுமாயிற்று. போலந்தில் வில்லோக் கிளை. கேரளத்தில் தென்னங்குருத்து. வன்னியில் தென்னை, அது இல்லாத இடத்தில் பனை.

சாம்பலின் கதை வேறு. தொடக்கத்தில் அது எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. ஊரறியப் பாவம் செய்தவர்கள், கொலைகாரர், விசுவாசத்தை மறுதலித்தவர்கள், தவக்காலம் தொடங்கும்போது கோயில் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்கள் தலையில்தான் சாம்பல். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மெல்லமெல்ல, பார்த்துக்கொண்டு நின்றவர்களும் வரிசைக்குள் வரத் தொடங்கினார்கள். 1091இல் பெனவெந்தோவில் கூடிய சங்கம் குருவானவர் முதல் பொதுமக்கள் வரை எல்லோரும் சாம்பல் பூச வேண்டும் என்று விதித்தது. பிறகு, போன வருட ஓலையை எரித்தே அந்தச் சாம்பலை எடுக்கும் வழக்கம் வந்தது.

இந்த இணைப்பை யோசித்தவர் யாரோ, அவர் மனிதரை நன்றாக அறிந்தவர். ஓசன்னா என்று ஆட்டிய ஓலைதான் பாவத்துக்கான சாம்பல். கத்தோலிக்கர் குருத்தோலை ஞாயிறன்று செய்வதும் இதற்கு ஒத்ததுதான். அன்றைக்கே பாடுகளின் சுவிசேஷத்தைப் பங்கு பிரித்து வாசிப்பார்கள். இயேசுவின் பகுதியைக் குருவானவர் வாசிப்பார். பிலாத்துவுக்கும் இராயப்பருக்கும் ஆள் இருக்கும். சிலுவையில் அறையச் சொல்லிக் கத்துகிற கூட்டத்தின் பகுதி மட்டும் சபையாருக்கு. கையில் ஓலையை வைத்துக்கொண்டு, எல்லோரும் சேர்ந்து, அவரைக் கொல்லக் கேட்பார்கள். சின்ன வயதில் எனக்கு அந்த இடம் வந்தால் வாய் எழும்பாது. பக்கத்தில் நிற்கும் பெரியம்மா முழங்கையால் இடிப்பார். சொல்லு, உன்ரை பகுதி அது.

சிலுவை மரணத்துக்குக் கிறிஸ்தவம் தரும் பொருளின் முதற்படி இங்கேதான் இருக்கிறதென்று நினைக்கிறேன். வேடிக்கை பார்க்கிறவர் என்று அந்தக் கதையில் ஒருவரும் இல்லை. உரோமச் சிப்பாய் ஆணி அடித்தான், யூதாஸ் காட்டிக்கொடுத்தான் என்று விரலை வெளியே நீட்டுகிற வசதியை வழிபாடு எடுத்துப்போடுகிறது. அந்த வசதியை மீண்டும் பிடித்துக்கொண்டு, கொன்றது யூத இனம் என்று பல நூற்றாண்டுகளாகச் சொல்லி, கிறிஸ்தவர்களே செய்த கொடுமைகள் வேறொரு நீண்ட கணக்கு.

வலைஞர்மடத்தில் அந்த ஞாயிறு அதை வாசித்தார்களா, எவ்வளவு வாசித்தார்கள் என்று பெரியம்மாவுக்கு ஞாபகமில்லை. பூசை சுருக்கமாக முடிந்தது, ஓலைக்குத் தீர்த்தம் தெளித்தார்கள், செல் விழத் தொடங்கியது. அவ்வளவுதான். அன்றைக்குத்தான் மேற்கே ஆனந்தபுரச் சண்டை முடிந்தது. அதன் பிறகு எஞ்சியது கடலுக்கும் நந்திக்கடல் ஏரிக்கும் நடுவில் ஒரு மணல் துண்டு.

அது பெரிய கிழமை. புதன்கிழமை, ஏப்ரல் 8ஆம் திகதி, அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மார், பிள்ளைகள்மீது செல் விழுந்தது. செத்துக் கிடந்த சில தாய்மாரின் கைகளில் பால்மா அட்டை அப்படியே இருந்தது என்று ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை எழுதுகிறது. வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி. சிலுவைப்பாதைக்குப் பதினான்கு நிலையம் நட இடமில்லை. நட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அதே அறிக்கை இன்னொன்றையும் எழுதுகிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் வலைஞர்மடம் கோயிலில் தஞ்சமிருந்த இளம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் விடுதலைப் புலிகளால் பலவந்தமாகப் பிடிக்கப்பட்டு, பஸ்களில் ஏற்றி முள்ளிவாய்க்காலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள் நம் ஊரில். அந்தக் கடற்கரையில் காவோலை மரத்திலிருக்கக் குருத்தைத்தான் கொண்டுபோனார்கள்.

அவனும் அந்தக் கோயிலுக்குள்தான் இருந்தான். "கோயிலுக்குள்ளை போய் இரு மோனை, அங்கை வரமாட்டினம் எண்டு நான்தான் அனுப்பினனான்" என்பார் பெரியம்மா. இந்த ஒரு வசனத்தை அவர் ஒருபோதும் வேறு மாதிரிச் சொன்னதில்லை. ஒரு சொல்லும் கூடாது, குறையாது.

அவனுடைய சேட்டு ஒன்றும் ஓலையும் மிஞ்சின. சேட்டு முள்ளிவாய்க்காலில் யாருடையவோ காயத்துக்குக் கட்டுப் போடப்போனது. ஓலை புத்தகத்துக்குள் போனது.

மே நடுப்பகுதியில் வட்டுவாகல் பாலத்தால் வந்தார்கள். இந்தப் பக்கம் வந்ததும் ஆமிக்காரர் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். பெரியம்மாவின் பையில் ஒரு சீலை, ஒரு டோர்ச், அடையாள அட்டை சுற்றிய பொலித்தீன், செபப்புத்தகம். "டோர்ச்சை எடுத்து வைச்சிட்டான். புத்தகத்தை விரிச்சவன், ஓலையைக் கண்டிட்டு எடுத்தான். திருப்பித் திருப்பிப் பாத்தான். பிறகு அதே பக்கத்திலை வைச்சு மூடித் தந்தான்." அந்தச் சிப்பாய் கத்தோலிக்கனா, அல்லது ஓலைதானே என்று விட்டானா, பெரியம்மா யோசித்ததில்லை. நான் யோசித்திருக்கிறேன். அதே பக்கத்தில் வைத்தான் என்பதைத்தான் அவர் அழுத்திச் சொல்வார்.

இங்கே ஒரு பழைய விஷயம் ஞாபகத்துக்கு வருகிறது. தவக்காலத்தில் நம் வீடுகளில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பார்கள். இராகம் இழுத்து, ஒப்பாரி மாதிரி. அதை எழுதியவர் கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி. ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலம். குருக்கள் ஒளித்துத் திரிந்தார்கள், கோயில்களை மூப்பர்கள் காத்தார்கள். கொங்கணி பேசிப் பிறந்த அந்த மனிதர் தமிழையும் சிங்களத்தையும் படித்து, ஒரே பாடுகளை இரண்டு மொழியிலும் புலம்ப வைத்தார். 1742இல் போலவத்தையில் இறந்தார். நீர்கொழும்புப் பக்கத்தில் சிங்களத்தில் அழுகிறதும் நம் பக்கத்தில் தமிழில் அழுகிறதும் ஒரே பேனையிலிருந்து வந்தவை. இதனால் என்ன என்று கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. முந்நூறு வருடம் ஒரே சாவுக்கு இரண்டு பாஷையில் அழுத ஊர்கள், ஒன்றின் சாவுக்கு மற்றது அழவில்லை.

மே 18ஆம் திகதி அதே வட்டுவாகலில் சரணடைந்தவர்களின் கூட்டத்தோடு பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் போனார். யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். அவரோடு போனவர்களுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை பதில் இல்லை. கடைசிவரை சனத்தோடு இருந்த சரத்ஜீவன் அடிகளார் அன்றைக்கே, வெளியே வந்த நேரத்தில், நெஞ்சடைத்து இறந்தார்.

ஓலையின் அடுத்த இடம் செட்டிகுளம், மெனிக் பாம் முகாம். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர் வைத்து முட்கம்பி அடித்திருந்தார்கள். நான் வவுனியாவிலிருந்து போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பெரியம்மாவோடு பேசிய நாட்கள் உண்டு. பிஸ்கட் பக்கற்றைக் கொடுத்தால் முதலில் கையைத்தான் பிடிப்பார். டிசம்பரில் போக்குவரத்துக்கு விட்டார்கள். 2010 விபூதிப் புதன் வந்தபோது பெரியம்மா இன்னும் அங்கேதான் இருந்தார். பூசைக்கு வந்த பாதர் ஓலை வைத்திருப்பவர்கள் தரலாம் என்றார். மூன்று நான்கு பேரிடம் இருந்தது. கைப்பைக்குள், பைபிளுக்குள், ஒருத்தியிடம் தாலிக்கொடியோடு சுற்றிய துணிக்குள். ஒவ்வொருவராகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெரியம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார். பிறகு போய், மற்றவர்கள் கொடுத்ததில் வந்த சாம்பலைப் பூசிக்கொண்டு வந்தார்.

பக்கத்துக் கூடாரத்துச் சைவ அம்மாவுக்கு இது வியப்பு. வருடத்துக்கு ஒருநாள்தானா திருநீறு? அவர் தினமும் பூசுகிறவர். அது சாணத்துச் சாம்பல், இது ஓலைச் சாம்பல் என்பதிலிருந்து பேச்சுத் தொடங்கி, ஒருநாள் நேரே கேட்டுவிட்டார். "ஆரோ செய்த பாவத்துக்கு உங்கடை ஆள் ஏன் சாகோணும்? அவரவர் வினையை அவரவர்தானே கழிக்கோணும்?" நியாயமான கேள்வி. தொள்ளாயிரம் வருடத்துக்கு முன் கந்தர்பரி அன்செல்ம் முதல் எத்தனையோ பேர் இதற்குப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள்: கடவுளுக்குச் செலுத்த வேண்டிய கடன், அதை மனிதனால் கட்ட முடியாத நிலை, மனிதனாய் வந்து கட்டிய கடவுள். பெரியம்மா அன்செல்மைக் கேள்விப்பட்டதில்லை. "பிணை நிண்டவர்" என்றாராம். அந்த அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. பிணை என்றால் என்னவென்று அந்த முகாமில் தெரியாதவர் யார்? புனர்வாழ்வுக்குக் கொண்டுபோன பிள்ளையை எடுக்க, தடுப்பில் இருப்பவரை எடுக்க, ஒருவர் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். இவன் ஓடினால் நான் வருகிறேன் என்பதுதான் அந்தக் கையெழுத்து. பிற்பாடு நுண்கடன் கம்பனிகள் வன்னிக்குள் இறங்கியபோது பிணையின் மற்ற முகத்தையும் பெண்கள் கண்டார்கள். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அரிசிப் பானைக்கு முன்னால் வந்து குந்தியிருந்து வசூலித்தார்கள். பிணை நிற்பது இலேசான காரியம் அல்ல.

ஆனால் பிணை நின்றவர் கட்டிவிட்டார் என்பதற்காகக் கடன்பட்டவன் தான் கடன்படவேயில்லை என்று சொல்ல முடியுமா? இதுதான் பெரியம்மா ஒரு பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் போய் முட்டிக்கொண்ட இடம். சங்கீர்த்தனத்தின் இரகசியம் குருவானவரைத்தான் கட்டும்; பெரியம்மாவைக் கட்டாது. அவரே சொன்னார். தன் மகனைத் தானே கோயிலுக்கு அனுப்பியதைப் பாவமாகச் சொல்லியிருக்கிறார். பாதர் அது பாவம் இல்லையம்மா என்று ஆறுதல் சொல்லி, அதற்கென்று அபராதம் ஒன்றும் கொடுக்காமல் விட்டுவிட்டார். பெரியம்மாவுக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. "என்ரை பாவம் இல்லையெண்டா, அப்ப ஆற்றை பாவம்? ஆரும் வந்து என்ரை எண்டு சொன்னவையோ?"

திருச்சபையின் பழைய ஒழுங்கு தெளிவானது. முதலில் மனஸ்தாபம். பிறகு வாயால் பாவத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளல். பிறகு மன்னிப்பு. பிறகு பரிகாரம்: களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரைத் திருத்த வேண்டும். வெறுமனே பாவங்கள் செய்தேன் சுவாமி என்றால் போதாது. என்ன, எத்தனை தரம் என்று கேட்பார்கள். கல்வாரியில் அன்றைக்கே பரலோகம் என்ற வாக்கு கிடைத்தது ஒருவனுக்குத்தான். பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன். அவன் முதலில், எங்களுக்கு இது கிடைக்க வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டவன். அவன் பெயர்கூடச் சுவிசேஷத்தில் இல்லை. ஒப்புக்கொண்டது இருக்கிறது.

சரி, அப்படியென்றால் சிலுவையிலிருந்து வந்த முதல் வாக்கியம்? ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரும் கேட்காமலே அவர்களுக்காக மன்னிப்புக் கேட்டாரே. பிரசங்கங்களில் நம் சனத்துக்கு முன்னால் அடிக்கடி தூக்கிப் பிடிக்கப்படுகிற வாக்கியம் அது. அவரே மன்னித்தார், உங்களுக்கு என்ன? இது எனக்கு நீண்டகாலம் தொண்டையில் நின்றது. ஒருநாள் பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் ஒரு வயதான சுவாமி சொன்ன பிறகுதான் லூக்காவை எடுத்துத் திரும்ப வாசித்தேன். நான் உங்களை மன்னிக்கிறேன் என்று அங்கே அவர் சொல்லவில்லை. தகப்பனிடம் கேட்கிறார். அந்த மணிநேரத்தின் வலியில் தன்னால் ஏலாததைத் தூக்கித் தகப்பன் கையில் வைக்கிறார் என்றார் சுவாமி. இறையியல் படித்தவர்கள் இதற்கு மறுப்புச் சொல்லக்கூடும். பெரியம்மாவிடம் சொன்னபோது கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் அங்கைதான் வைச்சிருக்கிறன்" என்றார்.

நம் பழைய செபங்களில் மன்னியும் என்ற சொல் குறைவு. பொறுத்தருளும் என்றுதான் வரும். பொறு என்ற சொல்லுக்குள் எத்தனை கிடக்கிறது பாருங்கள். பாரத்தைத் தாங்குவதும் பொறுத்தல். குற்றத்தை விடுவதும் பொறுத்தல். வெட்டுகிறவனையும் தாங்கும் நிலத்தின் குணம் பொறை. சிலுவையைத் தூக்கியவருக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் வேறெந்த மொழியிலும் இருக்குமா தெரியாது. ஆனால் கந்தோர்களில் இதே சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. பொறுங்கோ அம்மா. கதிரையில் இருங்கோ. அடுத்த கிழமை வாங்கோ. ஆணைக்குழு வருகுது, அலுவலகம் திறக்கப்போகினம், படிவம் நிரப்புங்கோ, பொறுங்கோ. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கொட்டில் போட்டு உட்கார்ந்தபோது பெரியம்மாவும் சில நாட்கள் போனார். மகனுடைய படத்தைக் கொண்டுபோனார். புத்தகத்தைக் கொண்டுபோகவில்லை.

கணக்கை உரத்துக் கேட்ட ஒருவர் மன்னார் ஆயர் இராயப்பு யோசப். 2011 ஜனவரி 8இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் ஒரு கணக்கை வைத்தார். கச்சேரிக் கணக்குப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. கேட்டார். பல பேர் அவரை ஏசினார்கள். 2021 ஏப்ரல் 1இல் அவர் இறந்தது ஒரு பெரிய வியாழன்.

2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். காலையில் கொழும்பில் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக்கிவிட்டு, பின்னேரம் ஹெலிகொப்டரில் மடு. பெரியம்மா விடியவே பஸ் ஏறிப்போனார். "ஹெலிச் சத்தம் கேட்டவுடனை எனக்கு முன்னாலை நிண்ட மனுசி குனிஞ்சிட்டா. நானும் குனிஞ்சன். பிறகு ஆளையாள் பாத்துச் சிரிச்சம்." பாப்பரசர் அங்கே பேசியதன் சாரம், சிலுவையின் வெளிச்சத்தில் நம்மால் செய்யக்கூடிய தீமையையும் நாம் பங்கெடுத்த தீமையையும் கண்டுகொண்டால்தான் உண்மையான மனஸ்தாபம் வரும், அதன் பிறகுதான் ஒருவரையொருவர் நெருங்கி மன்னிப்பைக் கேட்கவும் கொடுக்கவும் முடியும் என்பது. அந்த ஒழுங்கைக் கவனியுங்கள். அடுத்த நாள் பேப்பர்களில் கடைசிச் சொல் மட்டும் தலைப்பாக வந்தது.

இப்போது பெரியம்மா இருப்பது உருத்திரபுரத்தில் அதே காணியில். இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபா கொடுத்தார்கள். மிச்சத்துக்குக் கடன்பட்டுக் கட்டிய வீடு. பழைய வீட்டின் நிலை எங்கே போனதோ, அதில் செருகியிருந்த 2008ஆம் வருட ஓலை எங்கே போனதோ. புது நிலைக்கு மேல் ஒவ்வொரு வருடமும் ஓலை ஏறி இறங்குகிறது. முற்றத்தில் வைத்த தென்னம்பிள்ளை இப்போது குருத்துக் கொடுக்கிறது.

இந்த வருடம் குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் அங்கே நின்றேன். பேரப்பிள்ளைகள் சுற்றியிருந்து சிலுவை மடிக்கப் பழகினார்கள். பெரியம்மாவுக்கு இப்போது விரல் மடங்குவது கஷ்டம். ஒரு பெட்டையின் முடிச்சு ஒவ்வொரு தரமும் பிரிந்து பிரிந்து வந்தது. பெரியம்மா புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, பழைய ஓலையை உள்ளங்கையில் வைத்து, எந்தக் கால் எதற்கு மேலால் போகிறது என்று காட்டினார். இடது கைக்காரன் மடித்ததால் அந்தப் பிள்ளைக்கு எல்லாம் எதிர்ப்பக்கமாகத் தெரிந்தது. அவள் பார்த்துப் பார்த்து அப்படியே எதிர்ப்பக்கம் மடித்தாள். முடிச்சு நின்றது.

திரும்ப வைக்கும்போது ஓலையின் ஒரு முனையிலிருந்து பொடி உதிர்ந்து பக்கத்தில் விழுந்தது. நான் ஊதப்போனேன். பெரியம்மா என் கையைத் தட்டிவிட்டு, அந்தப் பொடியோடேயே புத்தகத்தை மூடினார்.